பரணிலிருந்து இறங்கிய ஸ்டியரிங்

சென்ற தீபாவளிக்கு முன்பு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது பேரனைப் பரணில் ஏற்றிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஏணி ஏறத் தடை. உத்தரவு போட்டவர் என் மனைவி. பேரன் (மகள் வயிற்றுப் பேரன், இங்கே நாக்பூரில் எங்களோடு தங்கிக் கல்லூரியில் படிக்கிறான்) பித்தளை அண்டா, கொலுப் பலகைகள், பழைய சங்க மலர்கள் ஒரு கட்டு என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தான். கடைசியாக, என் பழைய வேட்டியில் சுற்றியிருந்த வட்டமான பொருள் ஒன்றைப் பிரித்துப் பார்த்து மேலிருந்தே கத்தினான்.

"தாத்தா! இது ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங்! நம்ம கார்ல மாட்டிடலாமா?"

"மாட்டக் கூடாதுடா."

"ஏன்? நீங்களும் மாமாவும் சேர்ந்து மாட்டினதுதானே இது? அம்மா சொல்லியிருக்காங்களே."

நியாயமான கேள்விதான். ஆனால் பரணுக்கும் தரைக்கும் நடுவே நின்று பதில் சொல்லக்கூடியது இல்லை. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனிடம் சொன்னதை நம் சங்கச் செயலாளரிடமும் ஒருநாள் சொல்ல நேர்ந்தது. "இதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். ரயில்வேக்காரன் காரைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். நட்டும் போல்ட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

அது 2001-ஆம் வருடம். நான் அஜ்னி எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் இருந்தேன். அதற்கு முன் புசாவல். டிப்ளமா படித்துவிட்டுக் கரூரிலிருந்து ரயிலேறியவன், மத்திய ரயில்வேயை விட்டு இறங்கவே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமரத்தடியில், வெள்ளை மாருதி 800 ஒன்று நிற்கும். இரண்டாம் கையாக வாங்கியது. என் மகனுக்கு அப்போது பதினெட்டு வயது. லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்த வருடம்தான் கோயம்புத்தூர் பையன் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். இந்தியர்களில் அவர்தான் முதல். (2005-இல் பந்தயத்திலேயே இறங்கினார்.) வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் 'மதராஸி' என்று கேலி கேட்டு வளர்ந்தவன் என் மகன். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தான். அடுத்த வாரமே, "அப்பா, நம்ம வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் மாட்டலாமா?" என்று ஆரம்பித்தான். அதுவரை அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது பரீட்சைக்குக் கட்டப் பணம் மட்டும்தான். நான் ஷெட்டே கதி என்று இருந்தவன். பையனோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்ய வாய்ப்பு வந்திருக்கிறதே என்று உடனே சரி என்றேன்.

சதர் பகுதியில் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரர் முதலில் வீலை மட்டும் எடுத்துக் கொடுத்தார். வீல் மட்டும் இருந்தால் மாட்ட முடியாது. ஸ்டியரிங் தண்டின் நுனியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அதற்கு ஸ்பிளைன் என்று பெயர். வண்டிக்கு வண்டி அதன் அளவு மாறும். ஸ்போர்ட்ஸ் வீலுக்கோ நடுவில் ஆறு துளைகள்தான் இருக்கும். இரண்டையும் இணைக்க 'பாஸ்' என்ற அலுமினியத் துண்டு ஒன்று தனியாக வேண்டும். ஒரு பக்கம் நம் வண்டியின் ஸ்பிளைனுக்குப் பொருந்த வேண்டும். மறுபக்கத்து ஆறு துளைகள் வீலுக்குப் பொருந்த வேண்டும். அந்த ஆறு துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் சில வீல்களில் 70 மில்லிமீட்டர், சிலவற்றில் 74. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஸ்க்ரூக்கள் நேராக இறங்காது. உடனே சுத்தியலைத் தேடுவார்கள். நான் ஸ்கேல் வைத்து அளந்து வாங்கினேன். கடைக்காரர் என்னை வேடிக்கை பார்த்தார்.

மகனுக்கு இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். பழைய வீலின் விட்டம் 37 சென்டிமீட்டர், புதியது 33. எங்கள் 800-இல் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் வீலைத் திருப்ப முன்பு 10 கிலோ பலம் தேவைப்பட்டது என்றால், இனி 11 கிலோவுக்குமேல் வேண்டும். ஓடும்போது வண்டி சட்டென்று திரும்புவதுபோலத் தோன்றுவதும், சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தோள் வலிப்பதும் ஒரே காரணத்தால்தான். "பரவாயில்லப்பா, எக்சர்சைஸ் மாதிரி" என்றான். அந்த எக்சர்சைஸைப் பிறகு செய்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினோம். வண்டியைச் சமதரையில், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்தினோம். பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். ஹாரன் மூடியை எடுத்ததும் நடுவில் 17 எம்எம் நட்டு தெரிந்தது. கழற்றுவதற்கு முன் தண்டிலும் வீலிலும் ஒரே நேரில் ஒரு கோடு போடச் சொன்னேன். ஷெட்டில் இதை மேட்ச் மார்க் என்போம். நாளைக்குப் பழைய வீலை மாட்ட வேண்டி வந்தால் இந்தக் கோடுதான் சாட்சி.

நட்டை முழுக்கக் கழற்றி எடுத்துவிடக் கூடாது. தளர்த்திவிட்டு, மூன்று நான்கு திரெட் பிடித்திருக்கும்படி விட்டுவைக்க வேண்டும். பிறகு வீலை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் அசைத்து இழுக்க வேண்டும். வருடக்கணக்காக இறுகிப்போன வீல் வருகிறபோது திடீரென்று வரும். நட்டு இல்லையென்றால் நேரே மூக்கிலும் பல்லிலும் வந்து மோதும். தண்டின் நுனியைச் சுத்தியலால் தட்டுகிறவர்களும் உண்டு. செய்யவே கூடாது. விபத்தில் ஓட்டுபவரின் மார்பைக் குத்தாமல் மடங்கிப்போகும்படி செய்த தண்டுகள் பல வண்டிகளில் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1967 மாடல்களில் அதைக் கொண்டு வந்தது. மடங்க வேண்டிய இடத்தைச் சுத்தியலால் கெடுத்துவிட்டால் யாருக்கும் வெளியே தெரியாது.

எங்கள் வீல் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. பாஸை ஏற்றி, இண்டிகேட்டரைத் தானாகத் திருப்பி அணைக்கும் கொக்கி அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்து, வீலை வைத்து, ஆறு ஆலன் ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். நடு நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தேன், வீல் நேராக நிற்கிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகுதானே கடைசி முடுக்கு. குவார்ட்டர்ஸ் சாலையில் முப்பதடி உருட்டினோம். வீல் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ஸ்பிளைனில் 36 பல் இருந்தால் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே 10 டிகிரி சாய்வு வரும். கழற்றி ஒரு பல் நகர்த்தினோம். நேராயிற்று.

பிறகு ஹாரனைச் சோதிக்கப் பாட்டரி வயரை மாட்டினோம். மாட்டியதும் ஹாரன் அலறத் தொடங்கியது. நிற்கவேயில்லை. ஹாரன் வயர் பாஸுக்கும் உறைக்கும் இடையில் நசுங்கி, மேல்தோல் உரிந்து, இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹாரன் பொத்தான் செய்கிற வேலையே அந்த வயரை உடம்போடு சேர்ப்பதுதான். பொத்தானை அமுக்காமலே அது சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு அஜ்னி காலனி முழுக்க எழுந்து வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு டிரைவர் நைட் டியூட்டி முடித்துப் படுத்தவர், லுங்கியோடு வந்து நின்றார். மகன் ஓடிப் போய்ப் பாட்டரி வயரைப் பிடுங்கினான். நட்டைக் கழற்றி, பாஸை இறக்கி, வயருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, நட்டைக் கையால் திருகி, பாட்டரியை மாட்டி, ஹாரன் பொத்தானைப் பொருத்தி அமுக்கினோம். பாம் என்று ஒரு முறை அடித்து நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். "சாப்பாடு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டாள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

நட்டை முடுக்கவில்லை.

ஷெட் சாமான் எதையும் வீட்டுக்குக் கொண்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்திருந்தேன். முடுக்கின பிறகு நட்டின்மேல் அடையாளக் கோடு போட மகளின் சிவப்பு நகப்பூச்சுப் பாட்டில் ஒன்றும் எடுத்து வைத்திருந்தேன். மதியத் தூக்கம் கலைந்து திண்ணைக்கு வந்தபோது இரண்டும் நான் காலையில் வைத்தபடியே இருந்தன. ரெஞ்ச் துணியில் சுற்றியபடி. பாட்டில் மூடி திறக்காதபடி. ஹாரன் பொத்தான் நட்டை மூடிவிடுகிறது, பார்த்தீர்களா. வெளியிலிருந்து எல்லாம் அழகாக முடிந்த வேலை மாதிரிதான் இருக்கும்.

வேப்பமரத்தடியில் வண்டி இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிற என் அக்காவை அழைத்து வர மகன் நாக்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். அவனைப் போகச் சொன்னவனும் நான்தான்.

செல்போன் எங்கள் வீட்டில் அப்போது கிடையாது. ரெஞ்சையும் சாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன். வார்தா ரோட்டில் போகிற வழியெல்லாம், எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். சீதாபர்டி சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றேன். அந்தச் சிக்னல் அவ்வளவு நேரம் எரியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றிருந்தது. அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்சீட்டில் ஊறுகாய் ஜாடி, முறுக்கு டப்பா. மகன் சாவியைப் போட்டுத் திருப்பப் போகிற நேரம். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன்.

பொத்தானை நெம்பி எடுத்துப் பார்த்தபோது நட்டு முக்கால் சுற்றுக்குமேல் பின்வாங்கியிருந்தது. விரலால் தொட்டாலே சுழன்றது. "வீல் கொஞ்சம் ஆடற மாதிரி இருந்திச்சுப்பா. புது வீல் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றான் மகன். நட்டு கழன்று விழுந்திருந்தால் அடுத்து வீல் கையோடு வரும். அது எந்த இடத்தில் நடக்கும் என்பது நம் கையில் இல்லை.

அங்கேயே முடுக்கினேன். வண்டியின் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு ரெஞ்ச் 'டிக்' என்றது. நகப்பூச்சு கொண்டு வரவில்லை. அக்காவின் பையிலிருந்த குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கோடு போட்டேன். "நீ முடுக்கலையாப்பா?" என்று மகன் கேட்டான். "மறந்துட்டேன்" என்றேன். அப்பா மறந்துவிட்டேன் என்று சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியதும் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஏண்டா தம்பி, ஆயிரம் பேர் போற ரயிலுக்கு எஞ்சின் பாத்து அனுப்பறவன் நீதானே?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் அக்கா மட்டும் இல்லை. என் மேசையில் ஒரு ஃபிட்டர் பேரில் எழுதிய மெமோ ஒன்று கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு மார்க் போடவில்லை, சோதனையில் பிடிபட்டது. 'கவனக்குறைவு' என்று நானே எழுதியிருந்தேன். திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு முதன்முறையாக வேறு கேள்வி கேட்டேன். "அந்த வேலை நடுவில் என்ன நடந்தது?" "டெலிபோன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள் சாப்; போய்விட்டு வந்து அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டேன்" என்றார். எனக்கு ஹாரன், அவருக்கு டெலிபோன். மெமோவை நிறுத்திவிடவில்லை, விதி விதிதான். ஆனால் 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதன்பின் என் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. நடுவில் நின்றுபோன வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். முதல் போல்ட்டிலிருந்து மறுபடி ரெஞ்ச் போட வேண்டும். முணுமுணுத்தார்கள். 2017-இல் நான் ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை.

அந்த வீல் எங்கள் 800-இல் எட்டு வருடம் இருந்தது. அழகு என்னவோ அழகுதான். ஆனால் சின்ன வீலின் மேல்விளிம்பு சரியாக ஸ்பீடோமீட்டரை மறைக்கும்; வேகம் பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டும். 2009-இல் வண்டியை விற்றபோது மேட்ச் மார்க் பார்த்துப் பழைய வீலை மாட்டிக் கொடுத்தோம். ஸ்போர்ட்ஸ் வீல் பரணுக்குப் போயிற்று.

இத்தனையும் கேட்ட பிறகும் பேரன் அசரவில்லை. "சரி தாத்தா, இந்தத் தடவை நட்டை முடுக்கிடலாம்" என்றான். அதனால் அவனை வாசலுக்குக் கூட்டிப் போய், 2020-இல் வாங்கிய எங்கள் காரின் ஸ்டியரிங் நடுவில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். பழைய 800-இல் அந்த மூடியைக் கழற்றினால் ஹாரன் வயரும் நட்டும்தான். இதில் மூடிக்குப் பின்னால் இருப்பது மருந்து வைத்த ஒரு சாமான், ஏறக்குறைய ஒரு வெடி. மோதல் நடந்தால் மின்பொறி ஒன்று அந்த மருந்தைப் பற்றவைக்கிறது. அதிலிருந்து வரும் வாயு பையை ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரத்தில் நிரப்பிவிடும். கண் இமைப்பதற்கு அதைவிட நேரம் ஆகும். தெரியாதவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பும்போது அது அவன் முகத்துக்கு எதிரே வெடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

வெடிக்காமல் கழற்றினாலும் தீரவில்லை. வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. கடிகாரச் சுருள்போலச் சுற்றிய தட்டையான வயர். வீல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரத் தொடர்பு விடாமல் வைத்திருக்கும். கழற்றிய நேரத்தில் அது நடுவிலிருந்து நகர்ந்துவிட்டால், மாட்டிய பிறகு முழுவளைவு திருப்பும்போது அறுந்துபோகும். கடையில் கிடைக்கிற ஸ்போர்ட்ஸ் வீலில் ஏர்பேக் இருக்காது. மார்புக்கு நேரே பஞ்சுப் பை வர வேண்டிய இடத்தில் அலுமினியப் பாஸ் நிற்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கும் கறுப்பு டேப் ஒட்டுகிற மேதாவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

"ஆர்.சி. புத்தகத்துல ஸ்டியரிங் வீல் பத்தி ஒண்ணும் இல்லையே தாத்தா, சட்டப்படி தப்பா?" என்று கேட்டான். வக்கீலாகப் போக வேண்டிய பிள்ளை. அதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும் என்றேன். நான் பயந்தது போலீஸுக்கு இல்லை. இந்தக் கார் வாங்கியதே, நானும் பாட்டியும் வயதான காலத்தில் ஏர்பேக் உள்ள வண்டியில் போக வேண்டும் என்று அவன் மாமா பிடிவாதம் பிடித்ததால்தான். அந்த மாமாவிடமே வீடியோவில் கேட்கச் சொன்னேன். மகன் இப்போது புனேயில் இருக்கிறான். அவன் மருமகனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்பா, நட்டு முடுக்கியாச்சா?" என்றான். இருபது வருடத்துக்கு மேலாகியும் என் பிறந்தநாளுக்குக்கூட அவன் கேட்பது அதைத்தான்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஊசி நூலால் கையாலேயே தைக்கிற தோல் உறை வாங்கினோம். இழுத்து மாட்டுகிற ரப்பர் உறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; வியர்வையில் அது வீலைவிட்டுத் தனியே சுழலும். வளையத்துக்கு மட்டும்தான் உறை, நடு மூடியின்மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்று நிபந்தனை. சிவப்பு நூல் அவன் தேர்வு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. எனக்குக் கண் பிடிபடவில்லை என்று அவன் ஊசி கோத்துத் தந்தான். நான் இழுத்துப் பிடித்தேன், அவன் தைத்தான். பரணிலிருந்து இறங்கிய வீல் அவன் அறைச் சுவரில், மேசைக்கு மேலே தொங்குகிறது. அவன் பாட்டி அதன் ஒரு கம்பியில் துண்டு காயப்போடுகிறாள்.

நாக்பூர் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மூடிய காருக்குள் தோல் காய்ந்து இறுகி, வலப்பக்கம் ஒரு தையல் அறுந்து, உறை லேசாக நகர ஆரம்பித்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரித்துத் தைக்கப் போகிறோம். ஒரு தையல் அறுந்ததற்கு முழுவதையும் பிரிக்க வேண்டுமா என்று பேரன் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.